போகச் சொன்ன வாய்

என் கணவர் என்னை முதன்முதலில் பார்த்தது அவருடைய அப்பாவைக் கிடத்தியிருந்த வீட்டில். துறைமுகத்தில் பியூனாக இருந்தவர் இறந்துவிட்டார், ஒப்பாரி வைக்க வரவேண்டும் என்று என் அம்மாவைக் கூப்பிட ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பெண்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். ஆண்கள் வாசலுக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்றார்கள். அம்மா ஓர் அடி எடுப்பாள். நாங்கள் அதன் கடைசிச் சொல்லை வாங்கி இழுப்போம்.

அம்மாவுக்கு அது தொழில் இல்லை. சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மி போட்டு மசாலா அரைத்து, இலையில் மடித்து, காலையில் பாசாருக்குக் கொண்டுபோய் விற்பாள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே காலமாகிவிட்டார். சாவு வீட்டிலிருந்து யாராவது வந்தால் அரைப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவாள். மஞ்சளும் மிளகாயும் நகக்கண்ணில் இருக்கும்.

வழக்கமான ஒப்பாரிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அம்மாவிடம் மட்டும் தனியாக ஒன்று இருந்தது. பாடை கட்டி முடிக்கிற நேரத்தில், மற்றப் பெண்கள் அழுது களைத்திருக்கும்போது, அம்மா அதை எடுப்பாள். அதற்குக் கம்மந்தான் பாட்டு என்று பெயர். கும்பினிக்காரன் காலத்தில் கமாண்டண்ட் என்ற சொல்லை நம் ஜனங்கள் கம்மந்தான் ஆக்கிக்கொண்டார்கள். பாட்டில் வரும் அந்தக் கம்மந்தானுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பாட்டில் அது கிடையாது. பாட்டைக் கட்டியவள் அவனுடைய மூத்த மனைவி. அவள் காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். நானும் என் கணவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் காரணம் வேறு.

அந்த மூத்த மனைவிக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், அவள் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பாள் அம்மா. மெய்யோ பொய்யோ தெரியாது. ஆனால் அம்மா அந்தப் பாட்டைப் பாடும்போது சொந்த அக்காளுக்கு நடந்ததைச் சொல்கிறவளைப் போலத்தான் இருக்கும்.

பியூன் வீட்டுக் காரியங்கள் முடிந்து சில மாதம் கழித்து, எங்களுக்குத் தெரிந்த அரிசிக்கடைக்காரர் ஒருவர் வந்து, அந்த வீட்டுப் பையன் என்னைப் பெண் கேட்பதாகச் சொன்னார். ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவர், பீச் ஸ்த்ரீட்டில் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. மசாலா அரைக்கிறவள் மகளை எதற்காகக் கேட்கிறார் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. "எதுக்கும் நல்லா விசாரிச்சுப் பாருங்கண்ணே" என்று இரண்டு தடவை அவரைத் திருப்பி அனுப்பினாள். விசாரித்ததில் குடி இல்லை, சூதாட்டம் இல்லை, தமிழ்ச் சபையில் சேர்ந்து புத்தகம் படிக்கிறார் என்பதுதான் தெரிந்தது. தண்ணீர்மலைக் கோயிலில் கல்யாணம் நடந்தது. குயின் ஸ்த்ரீட்டுக்குப் பின்னால் ஒரு கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்துக் குடியேறினோம்.

அவர் மிருதுவாகப் பேசுவார். நான் பேசினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அப்படி யாரும் அதுவரை என் பேச்சைக் கேட்டதில்லை. கல்யாணமாகி இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ அவர் பாட்டுப் பேச்சை எடுத்தார்.

"எங்கப்பா செத்தன்னைக்கு உங்கம்மா பாடினாங்களே, செவப்புச் சட்டைன்னு ஒரு அடி வருமே. அது உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். பாடச் சொன்னார். சாவில்லாத வீட்டில் அதைப் பாடக்கூடாது, அம்மாவைக் கேட்காமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு சுங்கை பினாங்குக்கு வந்தார். அம்மா அரைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்து எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவரும் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"அத்தை, எங்க மானேஜர் அலமாரியில பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒண்ணு இருக்கு. அதுல உங்க கம்மந்தானைப் பத்தி எழுதியிருக்கான். வெள்ளைக்காரன் கண்ணுல பட்டதை மட்டும் எழுதியிருக்கான். நம்ம பக்கத்துக் கதை உங்க பாட்டுலதான் இருக்கு. அதை எழுதி வைக்கணும்."

"அது எளவு வீட்டுப் பாட்டு மாப்பிள்ளே. சும்மா இருக்கிற வீட்ல பாடக்கூடாது."

"பாடவேணாம் அத்தை. வாயால சொல்லட்டும். நான் எழுதிக்கிறேன்."

அம்மா குழவியில் ஒட்டியிருந்ததை வழித்துப் போட்டாள். பிறகு சொன்னாள்:

"எழுதுங்க. ஆனா முழுசா எழுதணும். அந்தப் பொம்பளைக்குன்னு இந்த உலகத்துல மிஞ்சினது இந்தப் பாட்டு ஒண்ணுதான். அதுல ஒரு அடி போனாலும் பாவம் வந்து சேரும்."

"ஒரு அடியும் விடமாட்டேன் அத்தை. சத்தியம்" என்றார். உள்ளே போய் சாமி விளக்கைத் தொட்டுவிட்டு வந்தார். அவர் சொன்னதை அம்மா நம்பினாள். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப்போல் சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை. அவர் ஆபீஸ் முடிந்து வந்து குளித்து, ஒரு கோப்பை கோப்பி குடித்துவிட்டுச் சமையலறை வாசற்படியில் உட்காருவார். நான் சோற்றை வடித்துக்கொண்டே அடியடியாகச் சொல்லுவேன். அவர் தன் புத்தகத்தில் படித்ததைச் சொல்லுவார். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதனை நாங்கள் இருவரும் தெரிந்துகொண்டோம்.

அவன் வைகைக்குத் தெற்கே உப்புப் பொதி மாடு ஓட்டியவன் மகன். கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை மாட்டில் உப்பேற்றிக்கொண்டு போவது குடும்பத் தொழில். அதனால் ஒற்றையடிப் பாதைகளும் ஓடைகளும் சின்ன வயதிலேயே அவனுக்கு அத்துப்படி. வரி தண்ட வந்தவர்கள் மாடுகளைப் பிடித்துக்கொண்டு போனபோது, தன்னைப்போல் மாடு இழந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு காட்டுவழியே போய் மீட்டுக்கொண்டு வந்தான். மாடு மீட்கப் போனவர்கள் வீடு திரும்ப முடியாமல் போய், அதுவே ஒரு படையாகிவிட்டது. முந்நூறு பேர். அவர்களுக்குச் சட்டை கிடையாது, சம்பளம் கிடையாது, வரிசையில் நிற்கிற பழக்கமும் கிடையாது. வேலும் வளரியும் வைத்திருந்தார்கள். சிலரிடம் திரி கொளுத்திச் சுடுகிற துப்பாக்கி இருந்தது. எதிரியிடம் பறித்ததுதான் அவர்களுக்குச் சாப்பாடு. முதலில் ஒரு பாளையக்காரருக்காகச் சண்டை போட்டார்கள். பிறகு நவாபுக்காக. கடைசியில் கும்பினியாருக்காக.

"நேருக்கு நேரா நின்னு சுடத் தெரியாதவன்னு எழுதியிருக்கான். ஆனா அவன் ஆளுங்க இல்லாம பட்டாளம் ஒரு காதம் நகர முடியாதுன்னும் எழுதியிருக்கான்" என்பார் என் கணவர். எதிரியின் கோட்டைக்கு அரிசி போகும் வண்டிகளை வழியிலேயே மடக்குவது, குதிரைகளுக்கு வைத்திருந்த வைக்கோலைக் கொளுத்துவது, எதிரி எங்கே தண்ணீர் எடுக்கிறான் என்று பார்த்துச் சொல்வது எல்லாம் அவன் ஆட்களின் வேலை. பீரங்கி போய்ச் சேருமுன்பே பாதிச் சண்டையை அவன் முடித்துவைத்திருப்பான்.

இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. அவனோடு திரிந்த மூத்த மனைவி அதில் இல்லை. அவள் பாட்டில் இருந்தாள். மழைக்காலத்தில் வெடிமருந்தைப் பானையில் போட்டு வாயைக் களிமண்ணால் பூசி நனையாமல் காத்தவள் அவள். குண்டு பட்டவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தாய் பெயரைச் சொல்லி அனுப்பிவைத்தவள். அவளுடைய தம்பிகள் இரண்டு பேரும் படையில் இருந்தார்கள்.

ஒரு கோட்டை விழுந்த பிறகு கும்பினித் துரை அவனைக் கூப்பிட்டுச் சிவப்புச் சட்டையும் கம்மந்தான் என்ற பட்டமும் கொடுத்தான். பாட்டு அந்த இடத்தில் திரும்பும்.

"செவப்புச் சட்டை வந்த அன்னைக்கி – என் ராசா
சிரிச்ச மொகம் மாறிச்சே
செம்பொன்னுப் பொத்தானுக்கு – என் ராசா
சேனையெல்லாம் தோத்தியளே"

அதற்குப் பிறகு பல்லக்கு வந்தது. நவாபின் ஆட்கள் வீட்டிலிருந்து இரண்டாவது மனைவி வந்தாள். மூத்தவள் படையோடேயே இருந்தாள். சில வருஷத்தில் கும்பினியாருக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கிளர்ச்சி செய்கிற பாளையக்காரர்களோடு சேர்ந்துவிடுவான் என்று பயந்து, விசுவாசத்துக்குப் பிணையாக உன் மனிதர்களைக் கோட்டைக்குள் அனுப்பு என்று கேட்டார்கள். அவன் இளைய மனைவியையும் அவள் பிள்ளைகளையும் அனுப்பவில்லை. மூத்தவளையும் அவள் தம்பிகளையும், ஆரம்பத்திலிருந்து கூட இருந்த நாற்பது பேரையும் அனுப்பினான். அமாவாசைக்குள் வந்து மீட்டுக்கொண்டு போகிறேன் என்று சொன்னான். வரவில்லை. அவர்களை அனுப்பிய அன்றைக்கே பாளையக்காரர்கள் பக்கம் போய்விட்டான். தம்பிகள் இரண்டு பேரையும் அந்த நாற்பது பேரையும் அவள் கண்ணெதிரில் தூக்கிலிட்டார்கள். பெண் என்று அவளை மட்டும் விரட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் காட்டில் சண்டை போட்டான். கடைசியில், தூக்கிலிடப்பட்டவர்களின் அண்ணன் தம்பிகள், அவனோடு மிச்சமிருந்தவர்கள், அவன் தலைப்பாகையாலேயே அவனைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். புளியமரத்தில் தொங்கவிட்டார்கள். இளையவள் பிள்ளைகளோடு எங்கேயோ தப்பிப் போய்விட்டாள். உடலைக் கேட்டு வந்தவள் மூத்தவள்தான். அவனை மடியில் கிடத்திக்கொண்டு அவள் பாடியதாகத்தான் மொத்தப் பாட்டும்.

"போகச் சொன்ன வாயி அது – என் ராசா
பொழுதுக்குள்ள வாரமின்னு
பொய்யி சொன்ன வாயி அது – இப்போ
பூட்டிக் கெடக்குதய்யா"

இந்த அடிகளை நான் சொன்ன அன்று என் கணவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கண் கலங்கியிருந்தது. "புத்தகத்துலயும் ஒரு வரி இருக்கு" என்றார். "பிணையா வந்தவங்களுக்குத் தண்டனை கொடுத்தோம்னு ஒரே வரி. யாரு என்னன்னு இல்ல. உங்க பாட்டு நெஜம். அந்த அடிதான் இதோட உசுரு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நான் சொன்ன எதற்காகவோ ஒரு ஆண்பிள்ளை கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

எழுதியதைச் சபையில் சொற்பொழிவாகச் செய்ய ஏற்பாடாயிற்று. சபையின் தலைவர் துணிக்கடை வைத்திருந்த பெரிய வியாபாரி. புத்தகமாக அச்சுப் போடுவதையும் அவரே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கூட்டத்துக்கு முந்திய வாரங்களில் என் கணவர் அவர் வீட்டுக்கு அடிக்கடி போய் வந்தார். எனக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை வாங்கி வந்தார். "அத்தையையும் கூட்டிட்டு வா. முன்வரிசையில உக்காருங்க" என்றார்.

கடைத்தெருவில் ஒரு சரக்குக் கிட்டங்கியின் மேல்மாடியில் கூட்டம். பெண்களுக்குத் திரை கட்டித் தனியாக இடம் விட்டிருந்தார்கள். அம்மா வெள்ளைச் சேலை கட்டி, கையை எத்தனையோ தடவை கழுவிக்கொண்டு வந்திருந்தாள். அப்படியும் அவள் பக்கத்தில் மசாலா வாசம்தான் வந்தது. என் கணவர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். நல்ல குரல் அவருக்கு. உப்பு மாடு, காடு, முந்நூறு பேர், அரிசி வண்டி மடக்கியது என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல ஆண்கள் கை தட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிணை கேட்ட இடம் வந்தது. "அப்போது கம்மந்தானின் தர்மபத்தினி எழுந்து நின்றாள்" என்றார். "நாதா, தங்கள் மானம் காக்க நானே பிணையாகப் போகிறேன் என்றாள். அவர் தடுத்தார். அவள் கேட்கவில்லை." அப்படிச் சொல்லிவிட்டுப் பாடினார்.

"தானாப் போறமின்னு – எங்க
தங்கமக சொன்னாளே
தலைவன் தடுத்துங்கூட – அவ
தடை மீறிப் போனாளே"

அதே மெட்டு. அம்மா போடும் அதே இழுப்பு. இளைய மனைவி பேச்சே இல்லை. தம்பிகளும் இல்லை. அவனைக் கட்டிக் கொடுத்தவர்கள் எலும்புத் துண்டுக்கு விலைபோன துரோகிகள். கடைசியில் தர்மபத்தினி அவன் சிதையில் விழுந்து உயிரை விட்டாள். பாட்டு எங்கே கிடைத்தது என்று முடிவில் சொன்னார்: தண்ணீர்மலை அடிவாரத்தில் சந்தித்த ஒரு முதியவர், பெயர் சொல்ல விரும்பாதவர், தமக்கு இதை அருளினார் என்றார்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. வேறு யாருடைய பாட்டையோ சொல்கிறார் என்றுதான் மனசு நினைத்தது. அம்மா என் கையை விட்டுவிட்டாள். தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பெண்கள் பக்கத்தில் இரண்டொருவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள்.

கீழே ரிக்‌ஷா ஏறும்போது அம்மா சொன்னாள், "அவளைத் தானாப் போக வச்சிட்டாங்க பாத்தியா."

மறுநாள் காலை அவர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"தானாப் போனாள்னு நான் எங்க சொன்னேன்?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தார் என்று தெரிந்தது. "தலைவர் கேட்டுட்டு யோசிச்சார்" என்றார். "கம்மந்தான் நம்மாளு. வெள்ளைக்காரனை எதிர்த்து நின்னவன். அவன் பொண்டாட்டியைப் பிணையா அனுப்பிட்டு ஓடிட்டான்னு மேடையில சொன்னா என்ன மரியாதை இருக்கும்? மத்த ஜாதிக்காரன்லாம் சிரிக்கமாட்டானா?"

"நீங்க விளக்கைத் தொட்டீங்க."

"ஒரு அடியும் விடமாட்டேன்னுதான் சொன்னேன். விடல. கொஞ்சம் மாத்தினேன், அவ்வளவுதான்."

"தண்ணீர்மலையில பாத்த பெரியவர் யாரு?"

"அதெல்லாம் மேடை வழக்கம்லா. பொம்பளைங்க எளவு வீட்ல பாடுறதுன்னு சொன்னா எவன் உக்காந்து கேப்பான்?"

அவர் குரலை உயர்த்தவேயில்லை. சின்னப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பேசினார். இவருக்கா நான் அடுப்படியில் நின்று அத்தனையும் சொன்னேன் என்று இருந்தது. அதற்குப் பிறகு கேட்டது நான் கேட்க நினைத்திருந்தது இல்லை. வாயில் வந்துவிட்டது.

"என்னைக் கட்டினதே அந்தப் பாட்டுக்குத்தானா?"

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "அப்படி இல்ல" என்றார். அடுத்த பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பாட்டைக் கேக்கலேன்னா உன்னைத் திரும்பிப் பாத்திருக்கமாட்டேன்" என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பாட்டு புத்தகமாக வந்தது. சின்னப் புத்தகம், மஞ்சள் அட்டை. அட்டையில் அவர் பெயரும், கொஞ்சம் சின்ன எழுத்தில் தலைவர் பெயரும். சபைக்காரர்கள் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். ஆயர் ஈத்தாமில் ஒரு பள்ளி விழாவில் பெண் பிள்ளைகள் அதைக் கோலாட்டமாக ஆடினார்கள் என்று என் கணவர் வந்து சொன்னார். அதற்குள் எனக்கு முதல் மகன் பிறந்திருந்தான். நான் சோறு போட்டேன், துணி துவைத்தேன், அவரோடு கோயிலுக்குப் போனேன். எங்கள் வீட்டில் சண்டை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அவர் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தால் மட்டும் எனக்குக் கொல்லையில் ஏதாவது வேலை இருக்கும். கொஞ்ச நாளில் அங்கே உட்காருவதை விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு அடி விழுந்தது வேறு வீட்டில். சுங்கை பினாங்கிலேயே, வண்டிக்காரர் ஒருவர் இறந்துபோனார். அம்மா கம்மந்தான் பாட்டை எடுத்தாள். பிணையாக அனுப்பியதைச் சொல்லும் பிணையடி வந்ததும் இறந்தவரின் மகன், பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையாக இருந்தவன், உள்ளே தலையை நீட்டினான்.

"அக்கா, அந்த எடம் தப்பாப் பாடுறீங்க. அவங்க தானாத்தான் போனாங்க. புஸ்தகத்துல இருக்கு."

மரியாதையாகத்தான் சொன்னான். அம்மா பாதியில் நிறுத்தினாள். பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மருமகன் எழுதிய புத்தகம்தான் அது என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். "எனக்கு அவ்வளவாத் தெரியாது தம்பி. நீங்களே பாடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். நானும் எழுந்து பின்னால் போனேன். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

"அம்மா, நீ ஏன் திருப்பிச் சொல்லல?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல. எம் மாப்பிள்ளை பொய்யின்னு சாவு வீட்ல நின்னு சொல்லச் சொல்றியா? உன் வாழ்க்கை என்னாவுறது?"

அன்றோடு அவள் சாவு வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். கூப்பிட வந்தவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். மசாலா அரைத்தாள், விற்றாள், பேரப்பிள்ளைகளுக்குப் பட்டாணி வாங்கி வந்தாள். என் கணவர் வந்தால் எழுந்து நின்று "வாங்க மாப்பிள்ளே" என்பாள். அவரும் "நல்லாருக்கீங்களா அத்தை" என்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இதைச் சொல்லுவார்கள்.

அம்மா இறந்தது பல வருஷம் கழித்து. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. என் மூத்த மகன்தான் கொள்ளி வைக்கத் தயாரானான். சுங்கை பினாங்குப் பெண்கள் வீடு நிறைய வந்திருந்தார்கள். வயதானவர்கள் குறைவு. பெரும்பாலும் எனக்குப் பின்னால் வளர்ந்த பெண்கள், பள்ளிக்கூடம் போனவர்கள். வெளியே பாடை கட்டும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எடுத்தேன். அத்தனை வருஷம் வாய் திறந்து பாடாத பாட்டு, ஓரடிகூடத் தடுக்கவில்லை. உப்புப் பொதியும் காடும் பாடும்போது பெண்கள் பின்னால் நன்றாக வாங்கி இழுத்தார்கள். என் கணவர் ஆண்களோடு ஜன்னலுக்கு வெளியே நின்றது தெரிந்தது. சிவப்புச் சட்டை வந்தது. அதையும் வாங்கினார்கள். பிணையடியை எடுத்தேன். "போகச் சொன்ன வாயி அது" என்று நான் தொடங்கும்போதே, என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் "தானாப் போறமின்னு" என்று எடுத்துவிட்டார்கள்.

அவர்கள்மேல் தப்பில்லை. மெட்டு ஒன்று. அவர்கள் படித்தது அது. உண்மையாகவே அழுதுகொண்டுதான் பாடினார்கள். ஒருத்தி என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் விடாமல் என் அடியைப் பாடினேன். என் காதுக்கே அது கேட்கவில்லை. பொய்யி சொன்ன வாயி என்று நான் சொன்ன இடத்தில் தடை மீறிப் போனாளே என்று வீடு முழுக்கக் கேட்டது. எதிரே அம்மா நெற்றி நிறையத் திருநீறோடு கிடந்தாள். அவளுக்காக அவள் பாட்டைக்கூட என்னால் பாட முடியவில்லை. நான் அன்று அழுத அழுகையை அம்மாவுக்கான அழுகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாதி அதுதான்.

சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த மறுநாள், அம்மா வீட்டைக் காலி செய்யப் போயிருந்தோம். நான் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் அம்மிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

"முந்தாநாளு நீ பாடினது எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

நான் அடுத்த செம்பைக் கையில் எடுத்தேன்.

"புத்தகத்தைத் திரும்ப அச்சுப் போடப் போறாங்க. அதுல சேத்துடுறேன். மூத்தவ, அவ தம்பிங்க, எல்லாத்தையும். அத்தை பேரையும் போட்டுடுறேன்."

"தலைவர் ஒத்துக்குவாரா?"

"அவர்தான் போன வருஷம் தவறிட்டாரே."

கையில் இருந்த செம்பைச் சாக்கில் போட்டேன். அம்மா உயிரோடு இருந்த அத்தனை வருஷமும் அவருக்கு இது தோன்றவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அதற்கும் மிருதுவாக ஒரு பதில் வைத்திருப்பார்.

"பழைய தாளெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு. நீ ஒரு தடவ சொன்னாப் போதும்" என்றார்.

"எனக்கு மறந்துபோச்சு."

"முந்தாநாளுதானே பாடினே."

"முந்தாநாளு பாடினது அம்மாவுக்கு. அதோட மறந்துபோச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். வண்டி பார்க்கப் போகிறேன் என்று பெரிய சாலைப் பக்கம் நடந்தார்.

புத்தகம் திரும்பவும் அப்படியே வந்தது. அட்டை மட்டும் பச்சை. அவர் அதற்குப் பிறகு என்னிடம் பாட்டைக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருப்பார். மகள் கல்யாணத்தை ஒரு குறையில்லாமல் நடத்தினார். நல்ல மனுஷர் என்று ஊர் சொல்லும், அதில் பொய்யில்லை. ஆனால் அவர் எதையாவது செய்து தருகிறேன் என்று சொன்னால், பிள்ளைகளுக்குச் சின்னச் சாமான் வாங்கி வருகிறேன் என்றால்கூட, நான் சரி என்று தலையாட்டிவிட்டு, அது வராது என்று வைத்துக்கொண்டே என் வேலையைப் பார்ப்பேன். பெரும்பாலும் வாங்கி வந்துவிடுவார்.